சிவப்பு விளக்கு என்ன சொல்கிறது?

இரவு ஒன்பது மணி. திருச்சியிலிருந்து மதுரைக்குக் காரில் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கார் புதியதல்ல, பதினைந்து ஆண்டுகள் ஓடிய கார். பின் இருக்கையில் குழந்தைகள் உறங்குகிறார்கள். துவரங்குறிச்சியைத் தாண்டியதும் எதிரே டாஷ்போர்டில் ஒரு சிறு சிவப்பு விளக்கு எரிகிறது. எண்ணெய் விடும் கூஜா போன்ற ஒரு படம். அதன் மூக்கு நுனியில் ஒரு சொட்டு. எஞ்சினின் ஓட்டத்திலோ ஓசையிலோ எந்த மாறுதலும் தெரியவில்லை. 'மேலூருக்கு இன்னும் அரை மணி நேரந்தானே, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று தோன்றுகிறது. போகலாமா?

கூடாது. உடனே காரைச் சாலையோரம் ஒதுக்கி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். அரை மணி நேரம் என்ன, ஐந்து நிமிடம்கூட அந்த எஞ்சின் தாங்காமல் போகலாம். ஆனால் இதே டாஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் வேறொரு விளக்கு எரிந்திருந்தால், பெரும்பாலும் நிதானமாக ஊர் போய்ச் சேர்ந்து மறுநாள் மெக்கானிக்கிடம் காட்டினால் போதும். இந்த இரண்டையும் பிரித்து அறிவது எப்படி? விளக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது? பழைய காரில் விளக்கே பொய் சொல்வதும் உண்டா? இவற்றை இங்கே காண்போம்.

விளக்கு ஒரு தூதன்

எச்சரிக்கை விளக்கு நோயைச் சொல்வதில்லை; ஓர் அறிகுறியை மட்டுமே சொல்கிறது. உடம்பு சுட்டால் வெப்பமானியை வைத்துப் பார்க்கிறோம். அது 102 டிகிரி என்று காட்டும். மலேரியாவா, டைபாய்டா என்பது அதற்குத் தெரியாது. அதைக் கண்டறிவது டாக்டரின் வேலை. காரிலும் அப்படித்தான். ஒவ்வொரு விளக்குக்கும் பின்னால் எங்கோ ஓரிடத்தில் ஒரு சிறு சுவிட்சோ, உணர்வியோ இருக்கிறது. எண்ணெயின் அழுத்தம், நீரின் வெப்பநிலை, பிரேக் திரவத்தின் மட்டம் என்று ஏதேனும் ஓர் அளவை மட்டுமே அது கவனிக்கும். அந்த அளவு எல்லையைக் கடந்தால் விளக்கு எரியும். ஏன் கடந்தது என்பதை அது அறியாது.

ஆகவே விளக்கு எரியும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. அளவு உண்மையிலேயே எல்லையைக் கடந்துவிட்டதா? அல்லது செய்தி கொண்டுவந்த தூதனே பழுதாகிவிட்டானா? புதிய காரில் இரண்டாவது கேள்விக்கு அதிக இடமில்லை. பழைய காரில் உண்டு. எஞ்சின் சூட்டில் கம்பியின் உறை வெடித்திருக்கும். இணைப்புகளில் பச்சை பூத்திருக்கும். சுவிட்சின் உள்ளே எண்ணெய் கசிந்திருக்கும். இருந்தாலும் வரிசையை மாற்றக் கூடாது. முதலில் விளக்கை நம்பிக் காரை நிறுத்துங்கள். சந்தேகப்படுவதெல்லாம் அதற்குப் பிறகு. 'பழைய கார், விளக்கு அப்படித்தான் எரியும்' என்று முதலிலேயே முடிவு கட்டியவர்கள் பலர் எஞ்சினை இழந்திருக்கிறார்கள்.

மூன்று நிறங்கள்

விளக்குகளின் படங்கள் உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஐ.எஸ்.ஓ. 2575 என்னும் பன்னாட்டுத் தரநிலை அவற்றை வகுத்துள்ளது. நிறங்களுக்கும் பொருள் உண்டு. சிவப்பு என்றால் ஆபத்து. பாதுகாப்பான இடத்தில் நிறுத்து. மஞ்சள் என்றால் குறை உள்ளது, விரைவில் கவனி. பச்சையும் நீலமும் வெறும் தகவல்கள். முகப்பு விளக்கு எரிகிறது, திரும்பும் விளக்கு எரிகிறது என்பவை போல.

எரியாத விளக்கும் பேசும்

எச்சரிக்கை விளக்கு எரிவதைவிட ஆபத்தானது எது தெரியுமா? எரிய வேண்டிய விளக்கு எரியாமல் இருப்பது. சாவியைத் திருப்பி, எஞ்சினை இன்னும் இயக்காத நிலையில் டாஷ்போர்டைப் பாருங்கள். எண்ணெய், பாட்டரி விளக்குகள் எரியும், எஞ்சின், ஏ.பி.எஸ்., காற்றுப்பை விளக்குகள் உள்ள காரானால் அவையும் எரியும். இது விளக்குகளின் தேர்வு நேரம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அவை ஒவ்வொன்றாக அணைய வேண்டும். தொடக்கத்தில் எரியாத விளக்கு ஆபத்து நேரத்திலும் எரியாது. பழைய காரை வாங்கப் போகிறவர்கள் இந்தச் சோதனையை மறக்கக் கூடாது. குறையைச் சரிசெய்யாமல் பல்பை மட்டும் கழற்றிவிட்டு விற்பவர்களும் உண்டு.

எண்ணெய் விளக்கு

இப்போது நம் சிவப்பு விளக்குக்கு வருவோம். எஞ்சினுக்குள் கிராங்க் தண்டு நிமிடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் முறை சுற்றுகிறது. அதற்கும் அதைத் தாங்கும் பேரிங்குகளுக்கும் இடையே உள்ள இடைவெளி தலைமயிரின் பருமனைவிடக் குறைவு. அந்த இடைவெளியில் பம்பு எண்ணெயை அழுத்தத்துடன் செலுத்துகிறது. தண்டு உண்மையில் உலோகத்தைத் தொடுவதே இல்லை; எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தபடியே சுற்றுகிறது. அழுத்தம் போனால் படலம் கிழியும். உலோகம் உலோகத்தோடு உரசும். சூட்டில் பேரிங் உருகித் தண்டோடு ஒட்டிக்கொள்ளும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது' என்கிறார்கள்.

இதைக் காவல் காக்கும் சுவிட்சு மிக எளிமையானது. எஞ்சின் உடலில் திருகப்பட்ட ஒரு சிறு குமிழ். உள்ளே ஒரு மெல்லிய தகடும் ஒரு சுருள்வில்லும். எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது வில் தள்ளுவதால் மின்தொடர்பு சேர்ந்திருக்கும்; விளக்கு எரியும். அழுத்தம் ஏறியதும் தகடு வில்லை எதிர்த்து நகரும், தொடர்பு பிரியும், விளக்கு அணையும்.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஓடும் எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3 அல்லது 4 கிலோகிராம் இருக்கும். சுவிட்சோ ஏறக்குறைய அரை கிலோகிராமுக்குக் கீழே இறங்கினால்தான் விளக்கை ஏற்றும். அதாவது அழுத்தத்தின் பெரும்பகுதி போன பிறகே செய்தி வருகிறது. இது முன்னெச்சரிக்கை அல்ல, கடைசி எச்சரிக்கை. அதனால்தான் ஐந்து நிமிடம்கூடப் பொறுக்கக் கூடாது என்றோம்.

எஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து, டிப்ஸ்டிக் எனப்படும் அளவுக்குச்சியை இழுத்துத் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிட்டது. வளைவிலும் பிரேக் போடும்போதும் மட்டும் விளக்கு மின்னுவதும் இதனால்தான். தொட்டியில் எண்ணெய் குறைவாக இருக்கும்போது அது ஒரு பக்கம் சாய்ந்து, பம்பின் வாய் காற்றை உறிஞ்சிவிடுகிறது.

மட்டம் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால்? அப்போதுதான் தூதனைச் சந்தேகிக்கலாம். ஒற்றைக் கம்பி கொண்ட பழைய வகைச் சுவிட்சானால் சோதனை எளிது. எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, சுவிட்சிலிருந்து கம்பியைக் கழற்றுங்கள். விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் வழியில் எங்கோ கம்பியின் உறை கிழிந்து காரின் உலோக உடலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அணைந்துவிட்டால் கம்பி நல்லது; குறை சுவிட்சில் இருக்கலாம், அழுத்தத்திலும் இருக்கலாம். இரண்டில் எது என்று அறிய, சுவிட்சைக் கழற்றி அதே துளையில் ஓர் அழுத்தமானியைத் திருகிப் பார்க்க வேண்டும். இது பட்டறையில் கால் மணி நேர வேலை. இதைச் செய்யாமல் சுவிட்சை மட்டும் மாற்றிப் பார்ப்பது சூதாட்டம்.

வயதான எஞ்சினுக்கே உரிய ஓர் அறிகுறியும் உண்டு. நெடுந்தூரம் ஓடிய பிறகு சிக்னலில் நிற்கும்போது விளக்கு மெல்ல மினுக்கும். வேகத்தைச் சற்றுக் கூட்டியதும் மறையும். சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போகிறது. தேய்ந்த பேரிங்குகளின் அகன்ற இடைவெளி வழியே அது எளிதாக வழிந்துவிடுகிறது. மெதுவாகச் சுற்றும் பம்பு அதற்கு ஈடு கொடுக்க முடிவதில்லை. அடர்த்தி மிகுந்த எண்ணெயை ஊற்றினால் விளக்கு அணையலாம். ஆனால் பேரிங்கின் தேய்மானம் அப்படியேதான் இருக்கும்.

பாட்டரி விளக்கு

பாட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கைப் பார்த்து 'பாட்டரி கெட்டுவிட்டது' என்று புதிய பாட்டரி வாங்குவோர் பலர். இந்த விளக்கு காவல் காப்பது பாட்டரியை அல்ல. அதற்கு மின்னேற்றம் செய்யும் ஆல்டர்னேட்டரை.

ஒரு சிறு எடுத்துக்காட்டு. இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை ஒரு குழாய் இணைக்கிறது. குழாயின் நடுவே ஒரு சிறு சக்கரம். ஒரு தொட்டியில் நீர்மட்டம் உயர்ந்தும் மற்றதில் தாழ்ந்தும் இருந்தால் நீர் பாயும், சக்கரம் சுற்றும். இரண்டிலும் மட்டம் சமமானால் சக்கரம் நின்றுவிடும். பாட்டரி விளக்கின் பல்பும் பல கார்களில் இப்படித்தான் அமைந்துள்ளது. அதன் ஒரு முனை பாட்டரியுடனும் மறுமுனை ஆல்டர்னேட்டருடனும் இணைந்திருக்கும். எஞ்சின் ஓடாதபோது பாட்டரி முனையில் 12 வோல்ட். ஆல்டர்னேட்டர் முனையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மின்சாரம் பாய்ந்து பல்பு எரியும். எஞ்சின் ஓடி இரு முனைகளிலும் 14 வோல்ட் ஆனதும் பாய்ச்சல் நின்று பல்பு அணையும். ஆகவே முழு வெளிச்சத்துடன் எரிந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை. மங்கலாக மினுக்கினால் அதன் டயோடுகளில் ஒன்று கெட்டிருக்கலாம், அல்லது ஏதோ ஓர் இணைப்பில் துரு ஏறியிருக்கலாம்.

இந்த விளக்கு எரிந்தால் முதலில் வெப்பமானியின் முள்ளைப் பாருங்கள். மாருதி 800 போன்ற பல கார்களில் ஒரே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறது. பாட்டரி விளக்கு எரிந்து, வெப்பமும் ஏறினால் பெல்ட் அறுந்துவிட்டது என்று இருக்கையில் அமர்ந்தபடியே சொல்லிவிடலாம். உடனே நிறுத்த வேண்டும். வெப்பம் ஏறவில்லையென்றால் பாட்டரியில் உள்ள மின்சாரத்தைக் கொண்டு கொஞ்ச தூரம் போகலாம். எவ்வளவு தூரம்? முகப்பு விளக்குகள் இரண்டும் சேர்ந்து 110 வாட். அதாவது ஏறக்குறைய 9 ஆம்பியர். பெட்ரோல் பம்பு, பொறிமூட்டல், விசிறி எல்லாம் சேர்ந்தால் 20 ஆம்பியர் என்று கொள்வோம். 35 ஆம்பியர் மணி பாட்டரி கணக்குப்படி இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் தாங்கும். பழைய பாட்டரியானால் அதில் பாதிகூட நிச்சயமில்லை.

வெப்ப விளக்கு

எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதித்துவிட வேண்டுமல்லவா? ஆனால் கார்களில் அப்படி நிகழ்வதில்லை. ரேடியேட்டர் மூடி நம் வீட்டு பிரஷர் குக்கரைப் போல நீரை அழுத்தத்தில் வைத்திருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோகிராம் கூடுதல் அழுத்தத்தில் நீர் 120 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். வெப்ப விளக்கு எரியும் நேரத்தில் அந்த மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விடுபட்டு நீர் முழுதும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் பீறிடும். பலர் முகத்தையும் கண்ணையும் பொசுக்கிக்கொண்டது இப்படித்தான். மேல் குழாயைத் தொட்டால் சுடாத அளவு ஆறும்வரை பொறுத்திருங்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் தவறு. உலோகம் விரிசல் விடலாம்.

இந்தத் தூதனுக்கு ஒரு குறை உண்டு. உணர்வி தன்னைத் தொடும் நீரின் வெப்பநிலையைத்தான் அறியும். குழாய் வெடித்து நீர் முழுதும் வெளியேறிவிட்டால் அது வெறுங்காற்றில் நிற்கும். அப்போது எஞ்சின் கொதிக்க, முள் இறங்கி நிற்பதும் உண்டு. ஏறிய முள் காரணமின்றி இறங்கினால் மகிழ வேண்டாம், நிறுத்திப் பாருங்கள்.

பிரேக் விளக்கு

கைப்பிரேக் இழுத்திருந்தாலும், பிரேக் திரவம் குறைந்தாலும் பெரும்பாலான கார்களில் ஒரே சிவப்பு விளக்குதான் எரியும். கைப்பிரேக்கை முழுதும் விடுவித்த பின்னும் எரிந்தால் திரவக் கிண்ணத்தைப் பாருங்கள். அதற்குள் ஒரு மிதவை உண்டு. மட்டம் தாழ்ந்தால் அது விளக்கை ஏற்றும்.

மட்டம் மாதக்கணக்கில் மெல்லத் தாழ்ந்திருந்தால் கசிவு இருக்க வேண்டுமென்பதில்லை. பிரேக் கட்டைகள் தேயத் தேய, அவற்றை அழுத்தும் பிஸ்டன்கள் முன்னே நகர்கின்றன. பின்னே ஏற்படும் இடத்தைத் திரவம் நிரப்புகிறது. ஆகவே அந்த விளக்கு 'கட்டையைப் பார்' என்று சொல்கிறது. கட்டையைப் பார்க்காமல் திரவத்தை மட்டும் ஊற்றி நிரப்பினால் தூதனின் வாயை அடைத்ததாகும். மாறாக, நேற்றிருந்த மட்டம் இன்று இறங்கியிருந்தால், அல்லது மிதி பஞ்சுபோல் உள்ளே போனால், அது கசிவு. காரை ஓட்டாதீர்கள், கட்டி இழுத்துத்தான் போக வேண்டும். ஏ.பி.எஸ். என்னும் மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் வழக்கமான பிரேக் வேலை செய்யும். சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு மட்டும் வேலை செய்யாது.

மஞ்சள் எஞ்சின் விளக்கு

மற்ற விளக்குகள் பலவற்றுக்குப் பின்னால் ஒரு சுவிட்சோ உணர்வியோதான் உண்டு. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்குக்குப் பின்னால் ஒரு சிறு கணினியே இருக்கிறது. புகையில் நஞ்சு கூடாமல் காப்பது அதன் முதல் வேலை. பல உணர்விகள் தரும் செய்திகளை ஒப்பிட்டு, ஏதேனும் பொருந்தாவிட்டால் விளக்கை ஏற்றி, ஒரு குறியீட்டையும் நினைவில் பதிக்கும். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல் கார்கள் முதல் இதற்கு ஒரே பொதுமுறை கட்டாயமாயிற்று. இந்தியாவில் பாரத் நிலை 4 விதிகளின் கீழ் 2010இல் முதற்கட்டமும் 2013இல் இரண்டாம் கட்டமும் வந்தன. டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள பதினாறு முனைச் செருகியில் ஒரு சிறு கருவியை மாட்டினால் குறியீட்டைப் படித்துவிடலாம்.

படித்துவிட்டால் நோய் தெரிந்துவிடுமா? பி0171 என்று வந்தால், பெட்ரோலை நோக்கக் காற்று மிகுதி என்று பொருள். ஆக்சிஜன் உணர்வி இதைச் சொல்லியிருக்கும். உடனே 'உணர்வி கெட்டுவிட்டது' என்று ஆயிரக்கணக்கில் செலவழித்து அதை மாற்றுவார்கள். விளக்கு மறுபடி எரியும். உண்மையில் உணர்வி தன் கடமையைத்தான் செய்தது. காற்றைக் கூடுதலாக உள்ளே விட்டது, வெடித்துப்போன ஒரு ரப்பர் குழாயாக இருக்கலாம். பெட்ரோல் வடிகட்டி அடைத்திருக்கலாம், பம்பு தளர்ந்திருக்கலாம். முதலில் கண்ணால் பார், காதால் கேள், விலை குறைந்ததைச் சோதி என்பதே நல்ல மெக்கானிக்கின் முறை.

இந்த மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மின்னினால் மட்டும் அலட்சியம் கூடாது. ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது என்று பொருள். அது புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றியில் போய் எரிந்து, அதன் தேன்கூடு போன்ற பீங்கான் உள்ளமைப்பையே உருக்கிவிடும். வேகத்தைக் குறைத்து, அருகில் உள்ள பட்டறையில் நிறுத்த வேண்டும்.

எல்லாம் சேர்ந்து எரிந்தால்

ஒரே நேரத்தில் நான்கைந்து விளக்குகள் எரிந்தால் நான்கைந்து நோய் என்று அஞ்ச வேண்டாம். பல உறுப்புகளுக்கும் பொதுவான ஒன்றைத் தேடுங்கள். அது பெரும்பாலும் மின்னழுத்தக் குறைவு. ஒரு வோல்ட்மீட்டர் இருந்தால் போதும். ஓய்வில் உள்ள நல்ல பாட்டரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. இவை சரியாக இருந்தால் எர்த் இணைப்புகளைப் பாருங்கள். எஞ்சினையும் காரின் உடலையும் இணைக்கும் தடித்த பட்டையில் துரு ஏறி, இருபதில் ஒரு பங்கு ஓம் மின்தடை ஏற்பட்டதாகக் கொள்வோம். பள்ளியில் படித்த ஓமின் விதியை நினைவுகூருங்கள். ஸ்டார்ட்டர் இழுக்கும் 100 ஆம்பியரை அந்த மின்தடையால் பெருக்கினால் 5 வோல்ட் அங்கேயே வீணாகிறது. எஞ்சசியது கொண்டு கணினிகள் சரியாக இயங்குமா? ஓர் உப்புத்தாளும் ஒரு ஸ்பானரும் தீர்க்கக்கூடிய குறைக்காகக் கணினியையே மாற்றுவது வேடிக்கைதான்.

மறுபடியும் நெடுஞ்சாலையில்

துவரங்குறிச்சிக்கு அப்பால் காரை ஒதுக்கி நிறுத்தியிருக்கிறீர்கள். அபாய விளக்குகளை மின்ன விடுங்கள். குழந்தைகளைச் சாலைக்கு எதிர்ப்புறமாக இறக்கி, ஓரமாக நிற்க வையுங்கள். அளவுக்குச்சியை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் குறைந்திருந்தால் ஊற்றி, எஞ்சினை இயக்கி, விளக்கு சில நொடிகளில் அணைகிறதா என்றும், அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்றும் கவனியுங்கள். அணைந்து, ஒழுக்கும் இல்லையென்றால் மெல்லப் போகலாம். அணையாவிட்டால் மறுபடி இயக்காதீர்கள். வண்டியை இழுத்துப்போக ஆகும் செலவு, சீஸ் ஆன எஞ்சினைத் திருத்தும் செலவில் ஒரு சிறு பகுதிதான்.

நாளைக் காலை உங்கள் வீட்டிலோ, அண்டை வீட்டிலோ யாராவது காரை எடுக்கும்போது அருகே நின்று பாருங்கள். சாவியைத் திருப்பியதும் எத்தனை விளக்குகள் எரிகின்றன, எது எப்போது அணைகிறது என்று எண்ணுங்கள். எண்ணெய் விளக்கு எரியாவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.